கொள்ளுப்பாட்டியின் குழம்புச் சீட்டு: பழைய இசையை மீட்டுப் பாடும் மேற்படிப்பு எப்படி இயங்குகிறது?

வையம்பட்டியிலிருந்து மணப்பாறை, விராலிமலை, இலுப்பூர் என்று போனால் குடுமியான்மலை வந்துவிடும். அங்கே சிகாநாதர் கோயிலின் பின்பக்கம், மலையைக் குடைந்து செய்த மேலைக்கோயிலை ஒட்டிய பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கல்வெட்டு என்றால் நிலம் கொடுத்தது, விளக்கு வைத்தது, போரில் வென்றது என்று இருக்கும் அல்லவா? இதில் அதெல்லாம் இல்லை. வரிசை வரிசையாகச் சுரங்கள். ஏறக்குறைய 7-ஆம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்தில், 38 வரிகளில், ஏழு ராகங்களுக்கான சுரக்கோவை. முடிவில், உருத்திராசாரியரின் மாணவரான ஒரு சிவபக்த அரசர் மாணாக்கர் நன்மைக்காக இதைச் செய்தார் என்று ஒரு குறிப்பு. அந்த அரசர் முதலாம் மகேந்திரவர்மர்தான் என்று பலர் சொல்வார்கள். ஆனால் கல்லில் பெயர் இல்லை. அதனால் அந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

மாணாக்கருக்கென்று வெட்டிய பாடம் அது. இன்றைக்கு ஒரு மாணவி அந்தப் பாறைக்கு முன்னால் வந்து நின்று, "இதை நான் பாடப் போகிறேன்" என்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல குரல், பல வருடப் பயிற்சி, சுரம் பார்த்துப் பாடத் தெரியும். பாடிவிட முடியுமா? முடியாது. ஏன் முடியாது, எப்படிச் செய்தால் ஓரளவு முடியும் என்று சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு மேற்படிப்பே இருக்கிறது. வரலாற்று அறிவோடு இசையை நிகழ்த்தும் படிப்பு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1933-இல் 'ஸ்கோலா கான்டோரம்' என்ற பள்ளியை இதற்காகவே தொடங்கினார்கள். நியூயார்க்கின் ஜூலியார்டு இசைப்பள்ளி 2009-இல் முதுகலை அளவில் இதற்குத் தனிப் பிரிவு வைத்தது. நம் பக்கத்தில் இதே வேலை, இசையில் முதுகலை, இசையில் முனைவர் பட்டம் என்ற பொதுப் பெயர்களுக்குள் நடக்கிறது.

உள்ளே என்னதான் நடக்கிறது? பார்க்க அடுப்படிக்கு வாருங்கள்.

உங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியில் ஒரு சீட்டு கிடைக்கிறது. கொள்ளுப்பாட்டி யாரிடமோ சொல்லி எழுதவைத்த கருவாட்டுக் குழம்புக் குறிப்பு. புளி இவ்வளவு, மல்லி ஓர் ஆழாக்கு, மிளகாய் ஒரு கை, அரைத்து ஊற்றிப் பதமாக இறக்கு. அவ்வளவுதான். பாட்டி இல்லை, அவர் கைக்குழம்பைச் சாப்பிட்டவர்களும் உங்கள் வீட்டில் இல்லை. அந்தக் குழம்பை மறுபடி வைக்க வேண்டும். இந்தப் படிப்பின் வேலையும் அதுவேதான். கடைசி வரை இந்த ஒரு குழம்பை விட்டு நாம் நகரப் போவதில்லை.

முதலில், சீட்டைப் படிக்க வேண்டும். படிப்பது என்றால் எழுத்துக்கூட்டுவது மட்டும் இல்லை. ஆழாக்கு என்றால் எவ்வளவு? படியில் எட்டில் ஒரு பங்கு. சரி, எந்த ஊர்ப் படி? மெட்ரிக் அளவு வருவதற்கு முன்னால் ஊருக்கு ஊர் படி மாறும். 'ஒரு கை' என்றால் யாருடைய கை? இதையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் அடுப்பைப் பற்றவைத்தால் குழம்பு வரும், பாட்டியின் குழம்பு வராது.

குடுமியான்மலைக் கல்லிலும் இதே சிக்கல்தான். சுரங்கள் நான்கு நான்காகச் சேர்ந்து நிற்கின்றன. ஆனால் நாம் அறிந்த ச, ரி, க, ம என்று இல்லை. ஒவ்வொரு சுரமும் அ, இ, உ, எ என்ற நான்கு உயிர்களோடு மாறி மாறி வருகிறது: ர, ரி, ரு, ரெ என்று. சில எழுத்துகளுக்கு மேலே புள்ளி வேறு. இந்த உயிர் மாற்றம் எதைக் குறிக்கிறது? சுருதியின் நுண்ணிய ஏற்ற இறக்கம் என்றார்கள் சிலர். வீணையில் கை வைக்கும் முறை என்றார்கள் வேறு சிலர். ஒவ்வொரு சுரமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதையும் கல் சொல்லவில்லை. பண்டார்க்கர் என்ற அறிஞர் இதைப் படித்து இந்தியக் கல்வெட்டுத் தொகுதியில் பதிப்பித்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் விடெஸ் 1979-இல் மறுபடி விரிவாக ஆராய்ந்தார். கருத்து இன்னும் ஒன்றுபடவில்லை. ஆகவே மாணவி செய்ய வேண்டிய முதல் வேலை பாடுவது இல்லை. கிரந்தம் படிக்கக் கற்பது, பிறகு இந்த வாதங்களை எல்லாம் வரிசையாகப் படிப்பது. பாதிப் பேர் இந்த இடத்திலேயே சலித்துப்போவார்கள். அதில் தப்பில்லை, மல்லி புடைப்பது எல்லோருக்கும் பிடிக்கும் வேலை இல்லை.

சீட்டுகளிலும் வகை உண்டு. கல்லைப்போல வாய்மூடிச் சீட்டும் உண்டு, எல்லாவற்றையும் விளக்கி எழுதிய சீட்டும் உண்டு. எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' இரண்டாவது வகை. சுரத்தை எங்கே அசைக்க வேண்டும், எங்கே வழுக்க வேண்டும் என்று கமகத்துக்குத் தனித்தனி அடையாளங்கள் போட்டிருக்கிறார். தெலுங்கு எழுத்தில் வந்த நூல்; சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் தமிழ் எழுத்தில் கொண்டுவந்தது. இன்றைய பாடத்தை மனதில் வைத்துக்கொண்டு அதைத் திறந்தால் திகைப்பு வரும். 22-ஆம் மேளம், அதாவது தாய் ராகம், என்றால் நமக்குக் கரகரப்பிரியா. அந்த நூலில் அந்த இடத்தில் இருப்பது ஸ்ரீராகம். பாட்டி வெங்காயம் என்று எழுதியது எந்த வெங்காயம் என்று கேட்காமல் பெரிய வெங்காயத்தை நறுக்கக் கூடாது என்பது இதுதான்.

இன்னொன்று. சீட்டு சின்னதாக இருந்தால் குறிப்பும் சுருங்கும். பாட்டி மூன்றே வரி சொன்னார் என்பதற்காகக் குழம்பு மூன்று நிமிடத்தில் ஆகிவிடாது. பழைய கிராமபோன் தட்டுகளைக் கேட்கும் மாணவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அந்தத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் ஓடும். அதற்குள் ஆலாபனை, பாட்டு, சுரம் எல்லாவற்றையும் திணித்துப் பாடியிருப்பார்கள். அதைக் கேட்டுவிட்டு, "அந்தக் காலத்தில் எல்லோரும் விரைவாகத்தான் பாடினார்கள்" என்று எழுதினால், சீட்டின் நீளத்தைப் பார்த்து அடுப்பின் நேரத்தைச் சொன்ன கதையாகும்.

சீட்டைப் படித்தாயிற்று. அடுத்து, பாத்திரமும் அடுப்பும். மண்சட்டியில் விறகு எரித்து, அம்மியில் அரைத்த மசாலாவில் வைத்த குழம்பை, மிக்சியில் அரைத்து எவர்சில்வர் பாத்திரத்தில் கேஸ் அடுப்பில் வைத்தால் அதே ருசி வராது. தண்ணீர்கூடக் கணக்கில் வரும். மணப்பாறை முறுக்கின் ருசிக்கு அந்த ஊர்த் தண்ணீரின் லேசான உப்புத்தான் காரணம் என்று முறுக்கு சுடுபவர்கள் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

ஐரோப்பாவில் இந்தப் படிப்பு பாத்திரத்திலிருந்துதான் தொடங்கியது என்று சொல்லலாம். அவர்களுடைய பழைய வயலினில் ஆட்டுக்குடலை முறுக்கிச் செய்த நரம்பு. இன்றைக்குப் பெரும்பாலும் உலோகம் அல்லது செயற்கை இழை. மாணவர் முதலில் குடல் நரம்பு கட்டிய வயலினுக்குக் கை பழக வேண்டும். பிறகு சுருதி. இன்று உலகம் முழுக்க ஒரு சுரத்தை நொடிக்கு 440 அதிர்வு என்று நிறுத்தி, மற்றதை அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். 18-ஆம் நூற்றாண்டு இசையை வாசிப்பவர்கள் அதையே 415-க்கு இறக்கிக்கொள்கிறார்கள். ஏறக்குறைய அரைச் சுரம் கீழே. அந்தக் காலத்தில் எல்லா ஊரிலும் 415 இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நம் படியைப் போல அங்கேயும் ஊருக்கு ஒரு சுருதி. 415 என்பது இன்றைக்கு நாலு ஊர்க்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பதற்காக ஒப்புக்கொண்ட பொதுப்படி.

நம் கதையில் பாத்திரமே தொலைந்துபோய்விட்டது. யாழ் இல்லை. சிலைகளில் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது, உரைகளில் நரம்புக் கணக்கு இருக்கிறது: பேரியாழுக்கு 21, செங்கோட்டி யாழுக்கு 7. கையில் எடுத்து மீட்ட ஒன்று மிஞ்சவில்லை. இந்தக் காலிச் சட்டியின் இடத்தை நிரப்பப் பார்த்தவர் விபுலானந்த அடிகள். 1892-இல் மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்தவர், அறிவியல் பட்டதாரி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் வைத்துக்கொண்டு, நரம்பின் நீளமும் அதிர்வும் என்ன விகிதத்தில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. அடுத்த மாதமே அடிகள் காலமானார். சட்டியைப் பார்க்காமலேயே, கரிப்பிடித்த அடுப்புக் கல்லின் இடைவெளியை அளந்து, சட்டியின் அகலத்தைச் சொன்ன வேலை அது. நூல் முழுக்கச் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் எந்த அளவை எங்கிருந்து எடுத்தார் என்று காட்டிவிட்டுப் போனார். அதனால்தான் இன்றும் அவரோடு சண்டை போட முடிகிறது.

பாத்திரத்தோடு சேர்ந்து சமையலறையையும் பார்க்க வேண்டும். மைக் வராத நாடக மேடையில், கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று கிட்டப்பா போன்றவர்கள் உச்ச சுருதியில் பாடினார்கள். அதே பாட்டை இன்று நூறு பேர் உட்காரும் குளிரூட்டிய அரங்கில் மைக் முன்னால் நின்று பாடினால் எது 'பழைய முறை'? அதே சுருதியா, அல்லது மைக்கை அணைத்துவிடுவதா? என்னைக் கேட்டால் முதலில் மைக்கை அணைக்கச் சொல்வேன். இதற்குத் தேர்வில் ஒரே விடை கிடையாது. ஆனால் கேள்வியைக் கேட்காத மாணவருக்கு மதிப்பெண் குறையும்.

மூன்றாவது படிதான் நம் ஊர்க்காரர்களுக்கு உள்ள பெரிய பலம். சீட்டில் இல்லாததை யாரிடம் கேட்பது? 'பதமாக இறக்கு' என்றால் எண்ணெய் மேலே பிரிந்து வரும்போதா, அதற்கு முன்பா? இதைச் சீட்டு சொல்லாது. பக்கத்துத் தெருவில் இருக்கும் பெரியத்தை சொல்வார். அவர் தன் மாமியாரிடம் கற்றவர். அந்த மாமியார் உங்கள் கொள்ளுப்பாட்டி.

திருவரங்கத்தில் அப்படி ஒரு பெரியத்தை வீடு இருக்கிறது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல்பத்து, இராப்பத்து நாட்களில் நடக்கும் அரையர் சேவை. தலையில் உயரமான குல்லாய், கையில் தாளம், வாயில் நாலாயிரம், கூடவே அபிநயம். ஆழ்வார் பாசுரங்களுக்கு நாதமுனிகள் இசை அமைத்துத் தம் மருமக்கள் இருவருக்குக் கற்றுக்கொடுத்தார், அந்த வழிதான் இது என்பது வைணவ மரபு. தேவாரத்துக்கு இதேபோல ஓதுவார்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய மாணவருக்கு இந்த வாய்ப்புக் குறைவு. அவர் 1752-இல் குவாண்ட்ஸ் எழுதிய புல்லாங்குழல் பாடநூலைப் படித்து, எங்கே மூச்சு விட வேண்டும், எங்கே சுரத்தை அலங்கரிக்க வேண்டும் என்று ஊகிக்கிறார். நீங்கள் டவுன் பஸ் ஏறிப்போய்த் தூணோரம் நின்று கேட்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பெரியத்தையும் காலத்தோடு மாறியவர்தான். அவர் குழம்பில் தக்காளி போடுகிறார். சீட்டில் தக்காளி இல்லை. எப்போது போட ஆரம்பித்தார் என்று கேட்டால், "எப்பவும் இப்படித்தான்டி" என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்கு நினைவு தெரிந்து அப்படித்தான். ஆகவே அரையர் சேவையை நாதமுனிகள் காலத்து ஒலிப்பதிவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓதுவார் பாடும் பண்ணும் அப்படியே. கேட்க வேண்டும், குறித்துக்கொள்ள வேண்டும், சீட்டோடு ஒத்துப்பார்க்க வேண்டும். எது ஒத்துப்போகிறது, எது தக்காளி என்று பிரிக்க வேண்டும். தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் சென்னையில் நடத்திய பண் ஆராய்ச்சி மாநாடுகள் செய்தது பெரும்பாலும் இந்த வேலைதான்: ஓதுவாரைப் பாடச் சொல்வது, அறிஞர்களை உட்காரவைப்பது, வாதிடுவது.

சில பொருள்கள் எவ்வளவு பழையவை என்பதும் நமக்கு மறந்துபோகிறது. மிளகாயே போர்ச்சுகீசியர் வந்த பிறகு வந்தது. சோழர் காலத்துக் குழம்பு என்று சொல்லி மிளகாய் கிள்ளிப்போடுபவரைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் சிலப்பதிகாரப் பாட்டு என்று மேடையில் அறிவித்துவிட்டு வயலின் பக்கவாத்தியம் வைத்துக்கொண்டால் யாரும் சிரிப்பதில்லை. வயலின் நம் கச்சேரிக்குள் வந்தது 19-ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான். முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் அதைக் கற்ற முதல் சிலரில் ஒருவர். வயலின் வைக்கக் கூடாது என்பதில்லை. வைத்தால், "இது நான் சேர்த்தது" என்று சொல்ல வேண்டும்.

நான்காவதாக, வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே சீட்டு, ஒரே சட்டி, இரண்டு பேர் வைத்தால் இரண்டு குழம்பு. பழந்தமிழ் இசையில் சுர வரிசைக்குப் பாலை என்று பெயர்; அடிப்படைப் பாலை செம்பாலை. அது இன்றைய எந்த ராகம்? 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சங்கராபரணம் என்றார். விபுலானந்தர் அரிகாம்போதி என்றார். இரண்டுக்கும் வேறுபாடு ஒரே ஒரு நிஷாதம். தாரம் என்று சிலப்பதிகாரக்காரர்கள் சொன்ன சுரம். ஒரு சுரம்தானே என்று விட்டுவிட முடியாது. ஏனென்றால் அந்தக் கால முறையில் ஒரு பாலையின் ஒவ்வொரு சுரத்தையும் மாறி மாறித் தொடக்கமாக வைத்து அடுத்த பாலைகளைப் பெறுகிறார்கள். முதல் உலை தவறினால் அந்த நாள் முழுக்கச் சமையல் தவறும். மாணவர் என்ன செய்ய வேண்டும்? இரண்டு வகையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். எது உரையில் உள்ள மற்றச் செய்திகளோடு பொருந்துகிறது, எது நரம்பில் இயல்பாக உட்காருகிறது, எது பாட்டின் ஓசையோடு சண்டை போடுகிறது என்று காதால் கேட்டு முடிவெடுக்க வேண்டும்.

இப்படி வைத்துப் பார்த்த ஒருவரை நன்றாகவே நமக்குத் தெரியும். விழுப்புரம் பக்கத்து வளவனூரில் பிறந்த எஸ். ராமநாதன். கச்சேரிப் பாடகர், நல்ல ஆசிரியர். 'சிலப்பதிகாரத்து இசைநுணுக்க விளக்கம்' என்ற நூலை 1956-இல் எழுதினார். பிறகு அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகார இசையைப் பற்றியே ஆராய்ந்து 1974-இல் முனைவர் பட்டம் பெற்றார். செம்பாலை அரிகாம்போதி என்ற பக்கம் நின்றவர். அவரிடம் எனக்குப் பிடித்தது முடிவு இல்லை, முறை. தான் எழுதியதைத் தானே பாடிக்காட்டக்கூடிய தொண்டை அவருக்கு இருந்தது. சமையல் புத்தகம் எழுதியவரே கரண்டி பிடித்தார்.

கடைசியாக, பரிமாறுவது. ஐரோப்பியப் பள்ளிகளில் முதுகலை பெரும்பாலும் இரண்டு ஆண்டு. முடிவில் ஒரு கச்சேரி வைக்க வேண்டும். கூடவே எழுத்தும் வேண்டும்: எந்தச் சுவடியிலிருந்து எடுத்தேன், ஏன் இந்த வேகம், எந்த அலங்காரம் ஏட்டில் இருந்தது, எதை நானே சேர்த்தேன். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களிடம், "புளியும் மல்லியும் சீட்டில் உள்ளபடி. இறக்கிய பதம் பெரியத்தை சொன்னது. வெந்தயம் என் கை" என்று சொல்வதற்குச் சமம். இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் இந்தப் படிப்பின் சாரம். 'ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அதே இசை' என்று சுவரொட்டி அடிப்பவர் இந்தப் படிப்பைப் படிக்காதவர் என்று தயங்காமல் சொல்லலாம்.

திருச்சி வட்டாரத்திலிருந்து ஒரு பிள்ளை இதில் இறங்க வேண்டுமென்றால் வழி இருக்கிறது. முதலில் பாட்டோ வாத்தியமோ ஒன்று கையில் நன்றாகப் படிந்திருக்க வேண்டும். அரிசி களையத் தெரியாதவருக்குப் பழைய சீட்டால் பயனில்லை. அதற்குத் திருச்சியில் 1977 முதல் நடக்கும் கலைக் காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. பிறகு மொழி: பழந்தமிழ் உரைகளைப் படிக்கும் பழக்கம், கிரந்தம், முடிந்தால் தெலுங்கு. சுவடிக்குத் தஞ்சை சரசுவதி மகால் இருக்கிறது. ஆராய்ச்சிக்குத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் வெளியிட்ட, வீ.ப.கா. சுந்தரத்தின் 'தமிழிசைக் கலைக்களஞ்சியம்' தொகுதிகளை நூலகத்தில் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். பாதிக் கேள்விகளுக்கு அதில் தொடக்கம் கிடைக்கும்.

ஒரே ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். நம் பல்கலைக்கழகங்களில் பண்டைய இசை பற்றிய ஆய்வேடுகள் பெரும்பாலும் தாளோடு முடிந்துவிடுகின்றன. வாய்மொழித் தேர்வு அறையில் நாற்காலியும் மேசையும் இருக்கும், தம்புரா இருக்காது. ஆய்வேட்டைத் திருத்தும் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை செம்பாலையைப் பற்றியோ குடுமியான்மலையைப் பற்றியோ ஆய்வேடு வந்தால், கையெழுத்துப் போடும் முன் அந்த மாணவரை அரை மணி நேரம் பாடச் சொல்லுங்கள், அல்லது வாசிக்கச் சொல்லுங்கள். பாடியதற்கும் மதிப்பெண் போடுங்கள்.